பல்லைச் சுத்தம் செய்பவர் கழுத்தைத் தொடுவது ஏன்?

பற்காரையை எடுத்துக்கொள்வதற்காகப் பல் மருத்துவமனைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும் வாயைத் திறக்கச் சொல்வார்கள் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். ஆனால் வெள்ளை அங்கி அணிந்த அந்தப் பணியாளரோ, "தம்பி, வாயை மூடியே வைச்சுக்கோ. தலையை மட்டும் கொஞ்சம் குனி" என்கிறார். தாடைக்கு அடியில் விரல்களை வைத்து மெல்ல உருட்டிப் பார்க்கிறார். பிறகு காதுக்கு முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடச் சொல்கிறார். கழுத்தின் இரு பக்கங்களையும் காதிலிருந்து தோள்பட்டை எலும்பு வரை தடவிப் பார்க்கிறார். இரண்டு நிமிடங்கள் ஆகிவிடுகின்றன. பல்லை அவர் இன்னும் பார்க்கவே இல்லை!

பல்லைத் தேய்க்க வந்தவருக்குக் கழுத்தில் என்ன வேலை? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், நம் முகத்தோலுக்கு அடியில் இருக்கும் ஒரு பெரிய வரைபடம் நமக்குத் தெரியவரும். அந்த வரைபடத்தை உங்கள் முகத்திலேயே, உங்கள் விரலாலேயே படித்துப் பார்க்கலாம். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் நமக்குத் தேவையான கருவி.

முதலில், இந்தப் பணியாளர் யார் என்று சொல்லிவிடுகிறேன். இவருக்கு ஆங்கிலத்தில் டென்டல் ஹைஜீனிஸ்ட் என்று பெயர். பல் சுகாதாரப் பணியாளர் என்று நாம் சொல்லலாம். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்பிரட் போன்ஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். பல் கெட்ட பிறகு பிடுங்குவதைவிட, கெடாமல் காப்பதற்கென்றே தனியாக ஆட்கள் வேண்டும் என்று அவர் எண்ணினார். 1906இல் தம் உதவியாளராக இருந்த ஐரீன் நியூமன் என்ற பெண்மணிக்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுத்தார். 1913இல் இதற்கென ஒரு பள்ளியையே தொடங்கினார். அங்கே பயின்றவர்களுள் பலர் அந்நகரின் பள்ளிக்கூடங்களுக்குச் சென்று மாணவர்களின் பற்களைச் சுத்தம் செய்தார்கள். நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் இந்தத் தொழிலுக்கு இடம் கொடுத்துள்ளது.

பல்லைத் தேய்க்கப் பல்லைப் பற்றி மட்டும் படித்தால் போதாதா? போதாது. இந்தப் படிப்புக்குச் சேர்பவர்கள் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் பாடங்களில் ஒன்று தலை, கழுத்து உடற்கூறு. பெயர்கள் நீளம், படங்கள் சிக்கல். பல மாணவர்களைத் திணறடிக்கும் பாடம் இது. ஆனால் ஒரு மண்டையோட்டை ஒரு கையிலும், தம் சொந்த முகத்தை மறு கையிலும் வைத்துப் படிப்பவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். நாமும் அப்படியே செய்வோம்.

அசையும் ஒரே எலும்பு

காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகளை விட்டுவிட்டால், மண்டையோட்டில் 22 எலும்புகள் உள்ளன. அவற்றில் 21 எலும்புகள் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தி நிற்கின்றன. மீதி ஒன்றுதான் அசைகிறது. அதுவே கீழ்த்தாடை எலும்பு. பார்ப்பதற்குக் குதிரை லாடம்போல் இருக்கும். இரு முனைகளும் காதை நோக்கி மேலே வளைந்திருக்கும்.

பழங்காலத்தில் கேலன் என்ற கிரேக்க மருத்துவர், மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று எழுதி வைத்தார். அவர் பெரும்பாலும் விலங்குகளை அறுத்துப் பார்த்தே எழுதியவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. 1543இல் வெசாலியஸ் என்பவர் தம் பெரிய உடற்கூறு நூலில், மனிதனின் கீழ்த்தாடை ஒரே எலும்புதான் என்று திருத்தினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிறந்த குழந்தையின் கீழ்த்தாடை உண்மையிலேயே இரண்டு துண்டுகளாகத்தான் இருக்கிறது! முதல் ஆண்டுக்குள் அவை முகவாயின் நடுவில் ஒட்டிக்கொள்கின்றன.

இப்போது உங்கள் ஆட்காட்டி விரல்களைக் காதுத்துளைகளுக்குச் சற்று முன்னால், இரு பக்கமும் வையுங்கள். வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று உருண்டு நகர்கிறதல்லவா? அதுதான் தாடை மூட்டு. கதவுக் கீல்போல அது சுழல மட்டும் செய்வதில்லை. முதலில் கொஞ்சம் சுழல்கிறது. வாயை அகலத் திறக்கும்போது முன்னோக்கி வழுக்கவும் செய்கிறது. வழுக்கி வரும் வழியில் எலும்பில் ஒரு சிறு மேடு இருக்கிறது. பெரிதாகக் கொட்டாவி விட்டவர் சிலருக்கு வாய் மூட முடியாமல் போய்விடுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தாடையின் முனை அந்த மேட்டைத் தாண்டி முன்னால் போய் மாட்டிக்கொள்வதால் வரும் தொல்லை அது.

பற்காரை எடுக்க அரைமணி நேரம் வாயைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே மூட்டில் வலியோ, 'டக்' என்ற ஓசையோ இருப்பவரை அப்படி விட்டுவைத்தால் என்ன ஆகும்? அதனால்தான் விரல் முதலில் அங்கே போனது. மூட்டு சரியில்லை என்று தெரிந்தால், பணியாளர் அடிக்கடி ஓய்வு கொடுத்து வேலை செய்வார்.

பற்களை நறநறவென்று கடித்துப் பாருங்கள். கன்னத்தின் பின்பகுதியில் ஒரு தசை கட்டியாகப் புடைக்கும். நெற்றிப்பொட்டிலும் விரலை வைத்துப் பாருங்கள், அங்கேயும் புடைக்கும். மெல்லும் தசைகள் பக்கத்துக்கு நான்கு. அவற்றில் இரண்டை இப்படி வெளியிலிருந்தே தொடலாம். மற்ற இரண்டும் தாடையின் உள்பக்கம் ஒளிந்திருக்கின்றன. தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்குக் காலையில் பொட்டு வலிப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

காரை ஏன் அங்கேயே படிகிறது?

இனி வாயைத் திறக்கலாம். கண்ணாடியில் உங்கள் கீழ் முன்பற்களின் உள்பக்கத்தைப் பாருங்கள். நாக்கு நுனியால் தடவியும் பார்க்கலாம். பெரியவர்கள் பலருக்கு அங்கே மஞ்சளாக, சொரசொரப்பாக ஒரு படிவு இருக்கும். அதுதான் பற்காரை. மேல் பற்களில் அது அதிகம் படியும் இடம் வேறு. கடைவாய்ப்பற்களின் வெளிப்பக்கம், அதாவது கன்னத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கம்.

இந்த இரண்டு இடங்களும் ஏன்? இதற்கு விடை சொல்ல 1660ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். நீல்ஸ் ஸ்டென்சன் என்ற டென்மார்க் நாட்டு இளைஞர் அப்போது ஆம்ஸ்டர்டாம் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். வயது 22. ஓர் ஆட்டுத்தலையை வாங்கி வந்து அறுத்துப் பார்த்தார். கன்னத்தில் ஒரு குழாய் தென்பட்டது. அதற்குள் ஒரு மெல்லிய கருவியை நுழைத்தார். அது வழுக்கிக்கொண்டே போய், முனை எதிலோ 'டிக்' என்று மோதியது. பார்த்தால், ஆட்டின் பல்! காதுக்கு முன்னால் இருக்கும் சுரப்பியிலிருந்து உமிழ்நீர் வாய்க்கு வரும் வழி இப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இதைக் கண்டது யார் என்று அவருக்கும் அவருடைய ஆசிரியருக்கும் பெரிய சச்சரவே நடந்தது. ஆனால் குழாய்க்கு இன்றும் ஸ்டென்சன் பெயர்தான். (இதே ஸ்டென்சன் பின்னாளில் ஒரு சுறாமீனின் தலையை ஆராய்ந்து, பாறைகளில் கிடைத்த நாக்கு வடிவக் கற்கள் பழைய சுறாப்பற்களே என்று காட்டினார். தலைகள் அவருக்கு ராசியானவை போலும்!)

மனிதரில் அந்தக் குழாயின் வாய் எங்கே திறக்கிறது தெரியுமா? மேல் இரண்டாம் பின்கடைவாய்ப்பல்லுக்கு நேர் எதிரே, கன்னத்தின் உள்சுவரில். கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள். ஒரு சிறு பரு போன்ற மேடு தெரியும். அதைப் புண் என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள். புளியங்காயை நினைத்துக்கொண்டு பார்த்தால், அங்கே ஒரு துளி நீர் ஊறுவதைக்கூடச் சிலர் பார்த்துவிடுவார்கள்.

இன்னொரு சுரப்பி தாடைக்கு அடியில் இருக்கிறது. அதன் குழாயை 1656இல் விவரித்தவர் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர். நாக்கைத் தூக்கி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணாடியைப் பாருங்கள். நடுவே ஒரு மெல்லிய தோல் கயிறு. அதன் அடியில் இரு பக்கமும் இரண்டு சிறு மேடுகள். அவைதான் வாயில்கள். அவற்றுக்கு நேர் முன்னால் இருப்பவை எவை? கீழ் முன்பற்களின் உள்பக்கம்!

நாள் ஒன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை நமக்கு உமிழ்நீர் சுரக்கிறது. அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்துள்ளன. குழாயை விட்டு வெளியே வந்ததும் அதிலிருந்து கரியமில வாயு கொஞ்சம் பிரிந்து போகிறது. நீரின் அமிலத்தன்மை குறைகிறது. கரைந்திருந்த உப்புகள் படியத் தொடங்குகின்றன. துலக்காமல் விட்ட பல்லின்மேல் கிருமிகள் கட்டியிருக்கும் வழவழப்பான படலத்தில் அவை இறங்கி இறுகுகின்றன. உப்புநீர் ஊரில் வெந்நீர் போடும் அண்டாவின் உள்ளே வெள்ளையாகப் படிவு ஏறுகிறதே, ஏறத்தாழ அதே கதைதான். அண்டாவைத் தேய்க்கும் அம்மாவுக்கு எந்த இடத்தில் கல் ஏறும் என்று தெரியும். பல் சுகாதாரப் பணியாளருக்கும் அப்படியே. சுரப்பியின் வரைபடம் தெரிந்தவர் கருவியை முதலில் எங்கே கொண்டுபோக வேண்டும் என்று திகைப்பதில்லை.

இதே வரைபடம் வேறு வகையிலும் உதவும். பொன்னுக்கு வீங்கி வந்த குழந்தைக்குக் காதின் கீழே கன்னம் உப்பும். வீங்குவது ஸ்டென்சன் பார்த்த அதே சுரப்பி. சொத்தைப்பல்லால் வரும் வீக்கமும் கன்னத்தில்தான் வரும். ஆனால் இடமும் உருவமும் வேறு. இரண்டையும் பிரித்தறிய, எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

ஏமாற்றும் வலி

பல்லின் வலியை மூளைக்குச் சொல்வது ஒரு பெரிய நரம்பு. மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளில் ஐந்தாவது அது. மூன்று கிளைகளாகப் பிரிவதால் முக்கிளை நரம்பு என்பார்கள். முதல் கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும்; இரண்டாவது மேல்தாடைக்கு; மூன்றாவது கீழ்த்தாடைக்கு. காதின் முன்புறத் தோலுக்கும் பொட்டுக்கும் உணர்ச்சி தருவதும் இந்த மூன்றாம் கிளையின் ஒரு சிறு கிளைதான்.

இங்கேதான் குழப்பம் பிறக்கிறது. ஒரே தொலைபேசிக் கம்பியில் இரண்டு வீடுகள் இணைந்திருந்தால், மணி அடித்தது எந்த வீட்டிலிருந்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தையானவர், "காது குடைகிறது" என்று காதுக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருப்பார். சளி பிடித்தவர், "மேல்பல் எல்லாம் வலிக்கிறது" என்பார். மூக்கின் இருபுறமும் மேல்தாடை எலும்புக்குள் காற்றறை ஒன்று இருக்கிறது. மேல் கடைவாய்ப்பற்களின் வேர்நுனிகள் அந்த அறையின் தரையை ஒட்டியே நிற்கின்றன. அறைக்குள் சளி கட்டினால் பற்கள் வலிப்பதுபோல் தோன்றும். குனிந்தால் வலி கூடும். நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு வலி மட்டும் போகாமல் தவித்தவர்கள் உண்டு. இன்னும் ஒன்று: மாரடைப்பின் வலிகூடச் சிலருக்குக் கீழ்த்தாடையில் தெரியும். படிக்கட்டு ஏறும்போது தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது என்று ஒருவர் சொன்னால், பல்லைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இந்த நரம்புப் பாதை துல்லியமாகத் தெரிந்ததால்தான் மரத்துப்போகும் ஊசி சாத்தியமாயிற்று. மேல்தாடை எலும்பு மெல்லியது. சிறு துளைகள் நிறைந்தது. பல்லின் பக்கத்திலேயே மருந்தைச் செலுத்தினால் எலும்புக்குள் ஊறிப் போய்விடும். கீழ்த்தாடையின் பின்பகுதியோ கெட்டியான சுவர். அங்கே மருந்து ஊறாது. அதற்கு ஒரு தந்திரம் வேண்டும். கீழ்ப்பற்களுக்குப் போகும் நரம்பு, தாடையின் பின்பக்கம் மேலேறும் பகுதியில், உள்புறமாக ஒரு துளை வழியே எலும்புக்குள் நுழைகிறது. நுழைவதற்கு முன்பே அதை மடக்கிவிட்டால்? அந்தப் பக்கத்துக் கீழ்ப்பற்கள் அத்தனையும் மரத்துப்போகும்! 1884இல் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் இதைச் செய்து காட்டினார். அவர் பயன்படுத்தியது கொக்கேயின். அதன் ஆபத்து அப்போது யாருக்கும் முழுதாகத் தெரியாது. தம்மேலேயே சோதித்துப் பார்த்த அவர் அந்தப் பழக்கத்துக்கு அடிமையாகிப் பல ஆண்டுகள் துன்பப்பட்டார். இன்று பரவலாகப் பயன்படும் லிக்னோகெயினை 1943இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலார் நில்ஸ் லோப்கிரென் உருவாக்கினார்.

அந்தத் துளை கண்ணுக்குத் தெரியாது. ஊசி திசுவுக்குள் சுமார் 2 முதல் 2.5 சென்டிமீட்டர் போக வேண்டும். எலும்பின் விளிம்பு, கன்னத்தின் உள்மடிப்பு, கடைவாய்ப்பற்களின் தளம் ஆகியவற்றை அடையாளமாக வைத்துக்கொண்டு, மனத்தில் உள்ள படத்தைப் பார்த்தே ஊசியைச் செலுத்துகிறார்கள். மிகவும் பின்னால் போய்விட்டால் மருந்து காதுச் சுரப்பிக்குள் இறங்கிவிடும். அந்தச் சுரப்பிக்கு ஊடேதான் முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பு ஓடுகிறது. விளைவு? சில மணி நேரத்துக்கு முகத்தின் ஒரு பக்கம் தொங்கிவிடும். கண்ணை மூட முடியாது. மருந்தின் வேகம் தணிந்ததும் சரியாகிவிடும் என்றாலும், அதுவரை கண் உலராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நரம்போடு தமனியும் சிரையும் சேர்ந்தே ஓடுவதால், மருந்தைச் செலுத்துமுன் ஊசியின் தண்டைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். நம் நாட்டில் இதைப் பல் மருத்துவர்தான் செய்வார். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் 1971இல் பல் சுகாதாரப் பணியாளர்களுக்கும் இந்த அனுமதியை வழங்கியது. பிறகு பல மாநிலங்கள் பின்பற்றின.

ஊசி போட்ட பின் பல் மட்டுமல்ல, கீழுதட்டின் பாதியும் மரத்துவிடும். ஏனென்றால் எலும்புக்குள் போன அதே நரம்பின் ஒரு கிளை, முன்கடைவாய்ப்பற்களுக்குக் கீழே இன்னொரு துளை வழியாக வெளியே வந்து உதட்டுக்குப் போகிறது. சிறுவர்கள் மரத்த உதட்டைக் கடித்து விளையாடி, பிறகு வீங்கி அழுவதுண்டு. உங்கள் தம்பி தங்கைகளுக்கு இப்படி ஊசி போட்டால், இரண்டு மூன்று மணி நேரம் கண்காணியுங்கள்.

தூளிக்கு மேலே, தூளிக்குக் கீழே

இனி, கழுத்துக்கு வருவோம். நாக்குக்கு அடியில், தாடையின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை, குழந்தையின் தூளித்துணி போல ஒரு தசை கட்டப்பட்டிருக்கிறது. வாயின் தரை அதுதான். அதற்கு மேலே வாய், கீழே கழுத்து. தூளியின் முடிச்சு தாடையின் உள்பக்கத்தில் ஒரு சாய்வான கோட்டில் ஒட்டியிருக்கிறது. முன்பக்கம் அந்தக் கோடு தாழ்ந்திருக்கும்; பின்பக்கம் உயர்ந்திருக்கும்.

இந்தச் சாய்வில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உயிர் இருக்கிறது! முன்பற்களின் வேர்நுனிகள் தூளிக்கு மேலே முடிகின்றன. அங்கே சீழ் பிடித்து உள்பக்கம் உடைந்தால், வீக்கம் நாக்குக்கு அடியில், வாய்க்குள் தெரியும். ஆனால் கீழ்த்தாடையின் இரண்டாம், மூன்றாம் பின்கடைவாய்ப்பற்களின் வேர்நுனிகள் தூளிக்குக் கீழே போய்விடுகின்றன. பல் இருப்பது வாயில்; வேர் முடிவதோ கழுத்தின் வாசலில்! அந்தச் சீழ் உள்பக்கமாக உடைந்தால் நேரே தாடைக்கு அடியில் கழுத்துக்குள் இறங்கும்.

1836இல் ஜெர்மனியில் லுட்விக் என்ற மருத்துவர் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார். தாடைக்கு அடியில் இரு பக்கமும் மரக்கட்டைபோல் வீக்கம். நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுவழி அடைபடும். லுட்விக் காலத்தில் இது பெரும்பாலும் மரணத்தில்தான் முடிந்தது. இன்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் அறுவை மருத்துவமும் இருப்பதால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்; ஆனால் நேரத்தோடு வந்தால்தான். கடைவாய்ப்பல் வலியோடு, தாடைக்கு அடியில் கெட்டியான வீக்கமும், விழுங்க முடியாமையும், குரல் குழறலும் ஒருவருக்குச் சேர்ந்து வந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக் கூடாது. அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "பல்வலிதானே" என்ற சொல் இங்கே பொருந்தாது.

நெறி கட்டுவது எங்கே?

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால், தொடை இடுக்கில் ஒரு கட்டி உருளும். "நெறி கட்டியிருக்கு" என்று பாட்டி சொல்வார். நெறி கட்டுவது நிணநீர்க் கணுக்களில்தான். அவை உடலின் சோதனைச் சாவடிகள். திசுக்களிலிருந்து வடியும் நீர் அவற்றின் வழியேதான் திரும்புகிறது. கிருமியைக் கண்டால் அங்கே போர் நடக்கிறது; கணு வீங்குகிறது.

கழுத்தில் மட்டும் இத்தகைய கணுக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எந்தத் தெருவின் சாக்கடை எந்தக் கால்வாயில் விழும் என்பதுபோல, எந்தப் பல்லின் நீர் எந்தக் கணுவுக்குப் போகும் என்பதும் ஒழுங்காக அமைந்திருக்கிறது. கீழ் முன்பற்கள், கீழுதட்டின் நடு, நாக்கு நுனி ஆகியவற்றின் நீர் முகவாய்க்கு நேர் அடியில் உள்ள கணுக்களுக்கு வரும். மற்றப் பற்களில் பெரும்பாலானவற்றின் நீர் தாடையின் பக்கவாட்டு அடியில் உள்ளவற்றுக்கு வரும். அங்கிருந்து எல்லாம் கழுத்தின் ஆழத்தில் உள்ள சங்கிலிக்குப் போகும். அந்தச் சங்கிலி எங்கே என்று பார்க்க வேண்டுமா? முகத்தை வலப்பக்கம் நன்றாகத் திருப்புங்கள். இடப்பக்கக் கழுத்தில், காதின் பின்னிருந்து மார்பெலும்பு வரை ஒரு தசை கயிறுபோல் எழும். அதன் அடியிலும் ஓரங்களிலும்தான் சங்கிலி ஓடுகிறது. அதற்குப் பக்கத்தில் துடிப்பது மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெரிய தமனி. மெல்லத் தொட்டுப் பார்க்கலாம். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் ஒருபோதும் அழுத்தாதீர்கள்.

நாற்காலியில் அந்தப் பணியாளர் உங்களைத் தலை குனியச் சொன்னாரே, ஏன்? குனிந்தால் தாடைக்கு அடியிலுள்ள தோலும் தசையும் தளரும். தளர்ந்த இடத்தில் திசுவை எலும்பின்மேல் மெல்ல உருட்டினால், பயறு அளவு கணுகூட விரலுக்குத் தட்டுப்படும். தொட்டால் வலித்து, மென்மையாக, நழுவி ஓடினால் பெரும்பாலும் அருகில் எங்கோ சீழோ புண்ணோ இருக்கிறது என்று பொருள். எந்தக் கணு என்று தெரிந்தால், பின்னோக்கி நடந்து எந்தப் பல் என்று தேடலாம். உங்கள் வயதில் சளி பிடித்துப் போன பிறகும் ஓரிரு சிறு கணுக்கள் தட்டுப்படுவது சாதாரணம். இதைப் படித்துவிட்டு இரவெல்லாம் கழுத்தைத் தடவிக்கொண்டிருக்க வேண்டாம்!

ஆனால் வேறு வகைக் கணு ஒன்று உண்டு. வலியே இராது. கல்போல் கெட்டியாக இருக்கும். உருட்டினால் நகராமல் அடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வெற்றிலையோடு புகையிலை அடக்கும் ஒரு பெரியவர் பற்காரை எடுக்க வந்திருக்கிறார் என்று வையுங்கள். வலி இல்லாததால் அவர் எதையும் சொல்லவில்லை. பணியாளரின் விரலில் அந்தக் கல் தட்டுப்படுகிறது. அடுத்து அவர் என்ன செய்வார்? நாக்கு நுனியை ஒரு துண்டு வலைத்துணியால் பிடித்து இழுத்து, நாக்கின் இரு ஓரங்களையும் பார்ப்பார். கன்னத்தின் உள்பக்கம், புகையிலை அடக்கும் இடத்தைப் பார்ப்பார். நாக்குக்கு அடியில் ஒரு விரலும் தாடைக்கு அடியில் இன்னொரு கையும் வைத்து வாயின் தரையை இரண்டுக்கும் இடையே தடவிப் பார்ப்பார். வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு, அல்லது இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால், பற்காரை அன்றைக்குக் காத்திருக்கும். பெரியவர் பல் மருத்துவரிடமும், அங்கிருந்து புற்றுநோய் மருத்துவரிடமும் அனுப்பப்படுவார். இந்தியாவில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோயும் ஒன்று. திட்டாக இருக்கும்போதே, கழுத்துக் கணுவுக்குப் பரவுமுன் கண்டுவிட்டால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். கணுவுக்கு வந்துவிட்டால் அந்த வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

யோசித்துப் பாருங்கள். காய்ச்சல் வந்தால்தான் நாம் மருத்துவரிடம் போகிறோம். நோய் ஒன்றும் தெரியாத, நன்றாக இருக்கிற ஒரு மனிதர் தாமாக வந்து, வாயைத் திறந்து காட்டி, கழுத்தையும் நீட்டிக்கொண்டு அரைமணி நேரம் உட்காருவது இந்த நாற்காலியில்தான்.

அடுத்த முறை அங்கே உட்காரும்போது, குரல்வளை மேட்டின் மேல் விரலை வைத்து "விழுங்கு" என்று அவர் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். விழுங்கும்போது கழுத்தின் முன்னால் உள்ள தைராய்டு சுரப்பி குரல்வளையோடு சேர்ந்து மேலே ஏறி இறங்கும். அதில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிறார். பேசாமல் எச்சிலை ஒருமுறை விழுங்குங்கள். பிறகு அவர் வாயைத் திறக்கச் சொல்வார்.